புதுப்பிப்பு: தீயரண் கணினிக்குப் பின்னால் இணையம் கிடைக்காத சிக்கல் தீர்ந்தது

பழைய மேசைக் கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைப் பொருத்தி ஓபிஎன்சென்ஸ் என்ற தீயரண் (ஃபயர்வால்: வீட்டு நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் இடையே நின்று போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது) மென்பொருளை நிறுவிய பின், வீட்டில் எந்தக் கருவிக்கும் இணையம் கிடைக்கவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. இணைய இணைப்போடு வந்த மோடமும் ஓபிஎன்சென்ஸின் உட்புற இடைமுகமும் (வீட்டுக் கருவிகள் இணையும் பக்கம்) 192.168.1.1 என்ற அதே முகவரியை இயல்பாகக் கொண்டிருந்ததால், ஒரு தரவுப் பொட்டலத்தை உள்ளே அனுப்புவதா வெளியே அனுப்புவதா என்று தீயரணால் பிரித்தறிய முடியவில்லை. உட்புற முகவரியை 192.168.50.1 என மாற்றி, டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் சேவை) வழங்கும் முகவரி வரம்பையும் அதற்கேற்பத் திருத்தியதும் இணைப்பு வந்தது. நிறுவும்போதே இதைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

பிறகு மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றி, பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு உள்நுழைந்து இணையும் முறை) பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தீயரணிலேயே கொடுத்தேன். இரட்டை நாட், அதாவது மோடமும் தீயரணும் இரண்டு முறை முகவரி மாற்றுவது, ஒழிந்தது. பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1500 பைட்டுகளிலிருந்து 1492 ஆகக் குறைகிறது என்பதையும், சில தளங்கள் மட்டும் திறக்காமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே என்பதையும் இதே நிலையில் இருப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும்.

பழைய வைஃபை ரவுட்டர், டிஹெச்சிபி நிறுத்தப்பட்டு, வைஃபை இணைப்பை மட்டும் தரும் வெறும் அணுகுமுனையாக இயங்குகிறது. கண்காணிப்புக் கேமராக்களைத் தனி விலானுக்கு (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைக்கப்படும் தனிப் பகுதி) மாற்றும் வேலை மட்டும் மீதமிருக்கிறது.