குரோம்பேட்டை வீடு: டோக்கன் கொடுக்கலாமா, பொறுக்கலாமா?

வணக்கம். சென்னை குரோம்பேட்டையில் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) ஒரு பழைய தனி வீடு பார்த்தோம். கொல்லையில் கிணறும் முருங்கை மரமும். அம்மா அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். 92 லட்சத்துக்குப் பேசி முடித்த மறுநாளே தரகர் போன்: "சார், இன்னொரு பார்ட்டி 3 லட்சம் கூடத் தர்றாங்க, ரெடி கேஷ்." நிஜமா, விலை ஏற்றும் வித்தையா தெரியவில்லை. நாங்கள் லோன் பார்ட்டி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதத்துக்கே மூச்சு முட்டுகிறது.

இன்றே டோக்கன் (வீட்டைப் பிடித்து வைக்கும் சிறு முன்பணம்) கொடுங்கள் என்கிறார் தரகர். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் காட்டுவது) 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன், சுத்தம். ஆனால் தாய்ப் பத்திரத்தின் (சொத்து முன்பு கைமாறிய மூலப் பத்திரம்) நகல் இன்னும் கைக்கு வரவில்லை.

வங்கி லோன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டி ஓனரிடம் நேரே பேசினால் எடுபடுமா? டோக்கனுக்குப் பதில் கிரய ஒப்பந்தத்தையே (விற்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்) பதிவு செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு வரைதான் கெடு.