பழைய லாரி கேபினுக்குப் புது டோர் பேட், சீட், டேஷ்போர்டு மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோத்தகிரி_312
டாடா பென்ஸ் 312, இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கு வண்டி. 1969 வரைக்கும் பென்ஸ் நட்சத்திரத்தோடு வந்ததே, அந்தக் காலத்து வண்டி. பச்சைத் தேயிலை ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனசு வரவில்லை. கேபின் வேலைக்குக் கீழே ஒரு பட்டறையில் விட்டோம். டோர் பேட், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடுகிற பலகை, இரண்டும் புதுசு, ரெக்சின் இழுத்துத் தைத்து, பார்க்க அவ்வளவு லட்சணம்.

ஐப்பசி மழை பிடித்தது. டோர் பேட் அடி விளிம்பு உப்ப ஆரம்பித்தது. கதவைச் சாத்தும்போது உள்ளே ‘சளக்’ என்று ஒரு சத்தம். கிளிப்பை நெம்பிப் பேடைக் கழற்றினால் ஹார்டுபோர்டு கையோடு பிய்ந்து வருகிறது, கதவுக்குள் தண்ணீர் நிற்கிறது! அடியில் இருக்கிற ஓட்டையைக் கம்பியால் குத்தினேன். துருத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. பழைய பேடுக்குப் பின்னால் ஒரு தார் பேப்பர் ஒட்டியிருந்தது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. கண்ணாடி ஓரத்து ஃபெல்ட் பட்டை வழியாக இறங்குகிற தண்ணீரைப் பேடில் படாமல் கதவின் அடி ஓட்டைக்குக் கொண்டுபோவது அதுதான். பட்டறையில் அதைக் குப்பை என்று கிழித்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டால் “அதெல்லாம் இப்ப யாருங்ணா போடுறாங்க” என்கிறார்கள். இன்னும் ஆறவில்லை.

இப்போது ஐ.எஸ். 710 மார்க் மெரைன் பிளைவுட் (ஈரம் தாங்குகிறது) வெட்டிப் போட்டிருக்கிறேன். பின்னால் கனமான பாலிதீன் ஷீட், அதன் அடி ஓரம் கதவுத் தகட்டுக்கு உள்பக்கமாக மடங்கியிருக்கிறது.

பண்ணைக்காட்டான்
அண்ணே, உங்களுக்காவது தண்ணீர். எங்களுக்கு சீட்.

சித்தப்பாவோட லேலண்ட் காமெட். மலைவாழையும் சௌசௌவும் ஏற்றி வத்தலக்குண்டு இறங்குகிற வண்டி. டிரைவர் சீட்டில் ஸ்பிரிங் குத்துகிறது என்று தடியான ஃபோம் போட்டுத் தைத்து வாங்கி வந்தோம். சமதரையில் உட்கார்ந்து பார்த்தால் சோபா மாதிரிதான் இருந்தது.

லோடோடு இறங்கும்போது ஒரு கொண்டை ஊசியில் சித்தப்பா ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கிறார். பவர் ஸ்டீயரிங் கிடையாது, பெரிய வளையம், உடம்பையே சாய்த்து இழுக்க வேண்டும். சீட் உயர்ந்துவிட்டதால் தொடை வளையத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது. பிரேக்குக்குக் காலைத் தூக்க முடியவில்லை. “டேய், காலு வரமாட்டேங்குது” என்று அவர் சொன்ன குரல் இருக்கிறதே, அதை மறக்கவே முடியாது. நல்லவேளை செகண்ட் கியரில் இருந்தது, எதிரே வண்டி இல்லை. இடது கையால் முழங்காலை வெளியே தள்ளிவிட்டு மிதித்தார். அங்கேயே ஓரங்கட்டி, ஃபோமை உருவி எறிந்துவிட்டு, சாக்கை மடித்துப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தோம்.

பர்லியார்_இறக்கம்
கோத்தகிரி அண்ணா, பிளைவுட் போட்டதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஹார்டுபோர்டு மூன்று மில்லி. நீங்கள் போட்டது ஆறாக இருந்தால் கண்ணாடி ஏற்றுகிற ஹேண்டில் ஷாஃப்டில் முழுதாக உட்காராது, ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துகிற பின்னுக்கான (pin) ஓட்டை நேராக வராது. இழுத்து அடித்தால் உட்கார்ந்த மாதிரி தெரியும். எங்கள் வண்டியில் அப்படித்தான், மேட்டுப்பாளையம் இறங்கும்போது பனி மூட்டத்தில் கண்ணாடியை இறக்கப் போனால் ஹேண்டில் கையோடு வந்துவிட்டது. தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.

அதனால் ஹார்டுபோர்டே போடுங்கள், ஆனால் வெட்டின விளிம்பையும் கிளிப் ஓட்டைகளையும் வார்னிஷ் விட்டு அடைத்துவிடுங்கள். தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான். பின்பக்கமும் இரண்டு கோட் அடிக்க வேண்டும். ரெக்சினை வெயில் உள்ள நாளில் மட்டும் ஒட்டுங்கள். குளிரில் அது விறைப்பாக இருக்கும், இழுத்த இழுப்பு நிற்காது. பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை விட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் பசை ஆறும்போதே மேலே பனி பூத்துவிடும், அதன்மேல் அழுத்தினால் ஒரு மாதத்தில் காற்றுக்குமிழ் கிளம்பும். கீழே மேட்டுப்பாளையத்தில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து மாட்டுவதே மேல். ஃபெல்ட் பீடிங்கையும் இதோடு மாற்றிவிடுங்கள், பழசை விட்டுவிட்டுப் பேடை மட்டும் மாற்றினால் பிரயோஜனம் இல்லை.

கேத்தி_காரட்
டேஷ்போர்டு பற்றி யாரும் சொல்லவில்லையே.

மீட்டர் போர்டுத் தகட்டுக்கு பெயின்ட் அடிக்கக் கழற்றினார்கள். டெம்பரேச்சர் மீட்டரின் பின்னால் மெல்லிசாக ஒரு செம்புக் குழாய் இன்ஜின் வரைக்கும் போகும். ஒயர் என்று நினைத்து அதைக் கட்டிங் பிளேயரில் நறுக்கிவிட்டான் பையன். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம், ஈதர் வாசனை, முள் அப்படியே கீழே விழுந்தது. அந்தக் குழாயும் மீட்டரும் ஒரே உருப்படி, ஒட்டுப் போட முடியாது.

மீட்டர் இல்லாமல் மலையேறுவது விளையாட்டு இல்லை. ஊட்டி 2,240 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி பிரஷர் பிடிக்காத பழைய ரேடியேட்டருக்கு அது போதும். கல்லாறு தாண்டி ஏற ஏற, பானட்டில் ஆவி வருகிறதா என்று கிளீனர் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெயின்ட் அடித்து மாட்டியதும் மற்ற மீட்டரும் தாறுமாறு. டீசல் முள் ஆடுகிறது, லைட் போட்டால் இறங்குகிறது. மீட்டருக்கு எர்த் தகடு வழியாகத்தான் வருகிறது, பெயின்ட் அதை மறைத்துவிட்டது. போல்ட் உட்காருகிற இடத்தை மட்டும் சுரண்டித் தனி எர்த் ஒயர் கொடுத்ததும் சரியானது.

கோத்தகிரி_312
பர்லியார் தம்பி, நான் போட்டது நாலு மில்லி. ஹேண்டில் பின் ஓட்டை நேராக வந்தது, மாட்டும்போதே பார்த்தேன். ஹார்டுபோர்டுக்கு எத்தனை கோட் வார்னிஷ் அடித்தாலும் கிளிப் ஏறும்போது ஓட்டை விளிம்பு உதிரும், அங்கே ஈரம் ஏறும். குன்னூரில் என்ன மழையோ அதுவேதான் எங்களுக்கும். ஃபெல்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

பண்ணைக்காட்டு தம்பி, சீட்டுக்கு அப்புறம் என்ன போட்டீர்கள்?

பண்ணைக்காட்டான்
ரப்பர் கயர் ஷீட் அண்ணே, தேங்காய் நாரை ரப்பர் பாலில் பிடித்துச் செய்வது. பழைய ஸ்பிரிங்கில் உடைந்ததை மட்டும் மாற்றி, மேலே சணல் துணி, அதன்மேல் கயர். மழையில் நனைந்து ஏறி உட்கார்ந்தாலும் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஃபோம் நாள் முழுக்கச் சில்லென்று இருக்கும். தைப்பதற்கு முன்னால் சித்தப்பாவைச் செருப்போடு உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடிக்கச் சொல்லி, தொடைக்கு மேலே கை நுழைகிறதா என்று பார்த்துத்தான் உயரம் வைத்தோம். சீட் தைப்பவர் “இவ்வளவு தாழ்வா?” என்றார். ஆமாம், அவ்வளவுதான் என்று சொல்லித் தைத்து வாங்கினோம்.