வேலூர் நகரில் வளரும் பிள்ளைகளை ஆராய்வது எப்படி?

ஆய்வு மாணவி: வணக்கம். வேலூரின் கஸ்பாவிலும் சைதாப்பேட்டையிலும் வளரும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள் தம் நகரத்தை எவ்வாறு பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். வீட்டுத் திண்ணையில் கேள்வித்தாளுடன் அமர்ந்தால், பெற்றோர் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: உண்டு, அம்மா. யுனெஸ்கோ ஆதரவுடன் அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1970களில் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நாடுகளில் நடத்திய ஆய்வில், பிள்ளைகளே தம் பகுதியை வரைந்து, தாம் புழங்கும் இடங்களைப் பற்றிப் பேசினார்கள். 1990களில் சுற்றுச்சூழல் உளவியலாளர் லூயிஸ் சாவ்லா அதற்குப் புத்துயிர் அளித்தபோது பெங்களூரும் ஆய்வுக் களமாயிற்று. வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். எதைப் பெரிதாக வரைகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதே உங்களுக்கு முதல் தரவு.

சத்துவாச்சாரி வாசகி: ஆண் பிள்ளைகளின் படங்களையும் பெண் பிள்ளைகளின் படங்களையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். எங்கள் தெருப் பையன்கள் வறண்ட பாலாற்று மணலில் மட்டைப்பந்து ஆடுகிறார்கள். அதே வயதுப் பெண்களோ, பூப்பெய்திய பிறகு, பள்ளிக்கும் டியூஷனுக்கும் போகும் வழியைத் தவிர வேறெதையும் அறிவதில்லை. இது என்னை மிகவும் வருத்துகிறது.

ஆய்வு மாணவி: மிக்க நன்றி. பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளைகளின் சம்மதத்தையும் தனியே கேட்டுவிட்டு, வரும் ஞாயிறன்று கோட்டை மைதானத்தில் தொடங்குகிறேன்.