நாய், பூனை உள்ள வீட்டில் என்ன தரை போட்டீர்கள்? உங்கள் அனுபவம்

லாப்ரடார் வீட்டுக்காரர், கோவை:

எங்கள் வீட்டுப் பையன் ஒரு லாப்ரடார் நாய், இப்போது 9 வயது. வீடு கட்டியபோது அவன் இல்லை. ஹால் முழுக்க ரெண்டுக்கு ரெண்டு விட்ரிஃபைட் டைல்ஸ், முகம் பார்க்கிற பளபளப்பு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுவருடம் குட்டியாக வந்தவன், பந்தைத் துரத்தி பிரேக் பிடிக்காத சைக்கிள் மாதிரி சறுக்கிப் போய் சோபாவில் மோதுவான். சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தோம். அந்த வீடியோக்களை இப்போது பார்க்க முடியவில்லை.

ஏழு வயதில், எழுந்திருக்கும்போது பின்னங்கால் ரெண்டும் பக்கவாட்டில் விரிய ஆரம்பித்தது. ஹாலின் நடுவே வராமல் சுவரை ஒட்டியே நடந்தான். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து இடுப்பு மூட்டுக் கோளாறு என்றார். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களுக்குப் பரம்பரையாகவே வருவதாம். தரை மட்டும் காரணம் இல்லை, ஆனால் வழுக்கும் தரை அதை இன்னும் கெடுக்கும். மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே அவர் கேட்டது, "வீட்டில் என்ன தரை?"

மொத்தத்தையும் உடைக்கக் காசு இல்லை. படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், வாசல் என்று அவன் போகிற வழிக்கு மட்டும் அடியில் ரப்பர் வைத்த விரிப்புகளை வரிசையாகப் போட்டோம். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்திருந்த முடியைக் கத்தரித்தோம், நகத்தையும் குறைத்தோம். இந்த ரெண்டுக்கும் செலவே இல்லை, ஆனால் வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது.

போன வருடம் ஹாலை மட்டும் மாற்றினோம். கடையில் டைலைக் கீழே வைத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். சில கம்பெனிகள் ஆர்9, ஆர்10 என்று போடுகிறார்கள். எண் கூடினால் பிடிப்பும் கூடும். நான் பேராசைப்பட்டு ஆர்11-ல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சொரசொரப்பில் மாப் நூல் மாட்டியது, உதிர்ந்த முடி துடைக்க வரவே இல்லை. கடைசியில் ஆர்10-தான். நிறம் அவனுடைய முடி நிறத்திலேயே, வெளிர் மஞ்சள்!

பக் நாய் வளர்ப்பவர், சென்னை:

டைலைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், டைல்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கைப் பற்றி நான் சொல்கிறேன். விட்ரிஃபைட் டைல் தண்ணீர் குடிக்காது, அரை சதவீதம்கூட இழுக்காது. ஆனால் எங்கள் மேஸ்திரி இடுக்கில் வெள்ளை சிமெண்டைக் குழைத்துத் தேய்த்துவிட்டுப் போயிருந்தார். அது குடிக்கும். குட்டி மூத்திரம் போன இடத்தை எத்தனை முறை துடைத்தாலும், மழை நாளில் ஈரக்காற்று பட்டதும் நாற்றம் எழுந்து வரும். நாற்றம் இருக்கிற இடத்திலேயே அதுவும் திரும்பப் போகும். பாத்ரூமுக்கு வாங்கிய ஆசிடை ஒருநாள் கோபத்தில் ஊற்றினேன்; இடுக்கு அரித்துப் பள்ளமாகி இன்னும் மோசமானது.

பிறகு இடுக்கைக் கீறி எடுத்து, ஈரம் இழுக்காத எபாக்ஸி என்ற பிசின் கலவையை நிரப்பினோம். விலை பல மடங்கு. போட்ட கையோடு துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் டைல் மேல் மங்கலான படலம் நின்றுவிடும், எங்கள் வீட்டு ஒரு மூலையில் நிற்கிறது. இன்னொன்று: ஆண் நாய் காலைத் தூக்குவது தரையில் இல்லை, சுவரோரம். சுவரின் அடியில் ஓடும் டைல் பட்டையின் (ஸ்கர்ட்டிங்) மேல்விளிம்பையும் அடைக்கச் சொல்லுங்கள்.

மாடி ஃபிளாட் அம்மா, பெங்களூரு:

மரத்தரை அழகாக இருக்கிறதே என்று லாமினேட் போட்டவள் நான். அதன் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. ராத்திரி குட்டி போன மூத்திரத்தைக் காலையில்தான் பார்ப்போம். மூன்று மாதத்தில் பலகைகள் சேரும் இடமெல்லாம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் நகச்சத்தம் பற்றிச் சொன்னது தனிக்கதை.

கன்னி இன நாட்டு நாய் வீடு, காரைக்குடி:

எங்களுடையது ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடுவதில்லை, கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட், மணல், சாயம்தான். வெயில் காலத்தில் நாய் அதை விட்டு எழுந்திருக்காது. வழுக்கியதும் இல்லை, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த நாளைத் தவிர. ஆனால் ஈரத்தை இழுக்கும். மூத்திரத்தை உடனே துடைக்காவிட்டால் கறை நிற்கும். எலுமிச்சை, வினிகர் எதுவும் அதன்மேல் படக்கூடாது. வீட்டில் எப்போதும் ஆள் இருந்தால் இது சரி. பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்று பூனைக்காரி, திருச்சி:

பூனைக்கு எந்தத் தரையும் ஒன்றுதான், எதில் துடைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கறுப்பு பினாயில் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் பீனாலைப் பூனையின் ஈரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. மிதித்த பாதத்தைத்தான் நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கும்.

லாப்ரடார் வீட்டுக்காரர், கோவை:

எபாக்ஸி விஷயம் எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். புதுத் தரை போட்டதும் விரிப்புகளை எடுத்துவிட்டோம். ஆனாலும் ஒரு வாரம் வரைக்கும், விரிப்பு கிடந்த அதே தடத்தில்தான் நடந்தான். எட்டாம் நாள் பந்து உருண்டு ஹாலின் நடுவே போனது. நின்று பார்த்தான், ஒரு காலை வைத்துப் பார்த்தான், அப்புறம் போய் எடுத்து வந்தான்.