பொருள்: 'காட்டிக்கலம்' வேண்டாம், 'ஏந்திக்குழியம்' எப்படி?

அன்பின் நண்பர்களுக்கு,

கிருமியின் துண்டை எடுத்து நோயெதிர்ப்புக் குழியங்களுக்குக் காட்டும் கலத்துக்கு (antigen-presenting cell) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

> 'காட்டிக்கலம்' சுருக்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

சென்னையில் எடுபடலாம், கொழும்பில் எடுபடாது. போன கிழமை வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் வகுப்பில் இந்தச் சொல்லைப் பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், "அப்ப இது தலையாட்டியோ சேர்?" என்றான். வகுப்பே சிரித்தது. போர்க்காலச் சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி இராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுத்தவர்களை அவன் கண்டிருக்க வயதில்லை. வீட்டில் கேட்ட கதை. 'நுணுக்குக்காட்டி' யாரையும் உறுத்துவதில்லைதான், அது கருவி. உயிருள்ள ஒன்றைக் 'காட்டி' என்றால் இங்கே நினைவு வேறெங்கோ போகிறது.

நாங்கள் இதுவரை எழுதிவரும் 'பிறபொருளெதிரியாக்கி முன்வைக்கும் கலம்' பிழையில்லை. ஆனால் விடைத்தாளில் அரை வரியைத் தின்றுவிடும்.

செயலைப் பார்த்தே பெயர் வைப்போம். கிருமியை எதிர்க்கும் வெண்குழியங்களில் ஒன்றான ரி நிணநீர்க்குழியத்துக்கு (T lymphocyte) முழு வைரஸைக் கொடுத்தால் அடையாளம் தெரியாது. இன்னொரு குழியம் அதை உள்ளே எடுத்து, நறுக்கி, புரதத் துண்டொன்றைத் தன் மேற்பரப்பில் அதைத் தாங்குவதற்கென்றே உள்ள எம்.எச்.சி. (MHC) மூலக்கூற்றின் பள்ளத்தில் பொருத்தி நீட்டவேண்டும். 1974 இல் கன்பராவில் ஆய்வாளர்கள் டோகர்ட்டியும் சிங்கர்நாகலும் எலிகளில் கண்டது இன்னும் சுவையானது: துண்டு சரியாக இருந்தாலும் அதை ஏந்தும் மூலக்கூறு அந்த உடலின் சொந்த வகையாக இல்லாவிட்டால், கொல்லும் ரி குழியம் அசையவே அசையாது. 1996 இல் நோபல் பரிசு இதற்குத்தான். ஆக, பொருளும் அதை ஏந்தும் கையும் சேர்ந்தே செய்தி. 'காட்டி'யில் அந்தக் கை இல்லை, 'ஏந்தி'யில் இருக்கிறது.

> ஏந்துகலம் என்றால் பிச்சைப் பாத்திரம் போல இருக்கிறதே!

மட்டக்களப்பு ஆசிரியை சொன்னது நியாயம், 'கலம்' என்றால் பாத்திரமும்தான். அதனால்தான் 'கலத்தை' விட்டு, வெண்குழியம் என்பதில் வரும் 'குழியத்தை'ப் பிடித்தேன். வழக்கமாக இந்த வேலையைச் செய்பவை வெண்குழிய வழி வந்தவை என்பதால் பொருத்தமும்கூட. தமிழ்நாட்டு நண்பர்கள் 'ஏந்தி செல்' என்று எழுதினாலும் சரி, தலைச்சொல் ஒன்றாக இருந்தால் போதும்.

> டென்ட்ரிட்டிக் செல்லுக்கும் இதுவே போதாதா?

போதாது. கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கியும் (macrophage) பி நிணநீர்க்குழியமும்கூட ஏந்துகின்றன. டென்ட்ரிட்டிக் அந்தக் கூட்டத்தில் ஒன்று; அதற்குக் 'கிளைக்குழியம்' இருக்கட்டும். வடிவத்தை நம்பினால் ஏமாறலாம் என்பதும் உண்மை. 1868 இல், பேர்லினில் மருத்துவ மாணவராக இருந்த லாங்கர்ஹான்ஸ் தோலில் கிளைவிட்ட குழியங்களைக் கண்டு, நரம்பைச் சேர்ந்தவை என்றே நினைத்தார். ஆனாலும் 1973 இல் ஆய்வாளர்கள் ஸ்டைன்மனும் கோனும் வடிவத்தை வைத்தே 'டென்ட்ரிட்டிக்' (கிளைவிட்டது) என்று பெயரிட்டார்கள், அது உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இரண்டு சொல்லையும் டெங்குவில் வைத்துப் பார்த்தேன்: "கிளைக்குழியம் ஓர் ஏந்திக்குழியம். நுளம்பு குத்திய இடத்தில் வைரஸின் துண்டை எடுத்து நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுபோய் ரி குழியத்திடம் நீட்டுவது அதன் வேலை. டெங்கு வைரஸோ அந்தக் கிளைக்குழியத்துக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது." பெடியளுக்கு விளங்கும் என்றே நினைக்கிறேன்.

செயலுக்கு 'ஏந்தல்' என்று எழுதிவிடாதீர்கள், தலைவன் என்ற பொருளும் வரும். 'ஏந்துகை' போதும். மாற்றுச்சொல் இருந்தால் வெள்ளிக்கு முன் அனுப்புங்கள். வகுப்புக் கையேடு அச்சுக்குப் போகிறது.