தோட்டத்து டேவான்ல 400 பேருக்கு ரிசப்ஷன்: சாப்பிட்ட கையோட ஆளுங்க கிளம்பாம இருக்க வழி சொல்லுங்க

சிப்புட்_தம்பி:

வணக்கம். கார்த்திகையில ஒரு சனிக்கிழமை தங்கச்சி கல்யாணம். காலையில கோயில்ல தாலி, ராத்திரி மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து (எஸ்டேட்) டேவான்ல, அதாவது மண்டபத்துல, ரிசப்ஷன். கார்டு கணக்குப்படி 400 பேர். டேவான் 60 அடிக்கு 90 அடி. தகரக் கூரை, ஏர்கோன் இல்ல, ரெண்டு பக்கமும் திறப்பு. கரண்டு சிங்கிள் ஃபேஸ். மலாய்க்காரங்க ஒரு 40 பேர், சீனவங்க 20, சைவம் 50 இருக்கும்.

இங்க நடக்கிற ரிசப்ஷன் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியுது. கார்டுல 7 மணின்னு போடுறாங்க, பொண்ணு மாப்பிள்ளை 9 மணிக்கு உள்ள வர்றாங்க. அதுக்குள்ள பாதிப் பேர் சாப்பிட்டு, மொய் வச்சு, தாப்பாவ் (பார்சல்) கட்டிக்கிட்டுப் போயிடுறாங்க. மிச்ச பேர் மேடையில போட்டோ எடுக்க வரிசையில நிக்கிறாங்க. டிஜே காலி மேஜைக்குப் பாட்டு போடுறார். நல்ல டான்ஸ் குரூப் ஒண்ணு பிடிச்சா சரியாயிடுமா?

பந்திக்காரன்:

டான்ஸ் குரூப்பைக் கடைசியா யோசிங்க தம்பி. ஆளுங்க ஓடுறது ஆட்டம் இல்லாததால இல்ல. 7.30லிருந்து 9 வரைக்கும் பசியோட சும்மா உட்கார வச்சிடுறாங்க, அதான். அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சரி பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சது.

பொண்ணு மாப்பிள்ளை 8 மணிக்கு மேடையில இருக்கணும். தாமதம் எங்க வருதுன்னு பார்த்தா மேக்கப்லயும், வெளிய எடுக்கிற போட்டோவிலயும்தான். வெளிப்புற போட்டோவை 6.15க்கு வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சிடுங்க. 6.45க்கு ரெண்டு பேருக்கும் சோறு போட்டுடுங்க, அப்புறம் அவங்களுக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது.

விருந்தாளிங்க 7.15லிருந்து வர ஆரம்பிப்பாங்க. அப்பவே மேஜையில கொறிக்க ஏதாவது இருக்கணும். ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை) இருக்கும்போது வேற எங்கயும் தேட வேணாம். மேஜைக்கு 300 கிராம், 40 மேஜைக்கு 12 கிலோ. கூடவே ஆளுக்கு ஒரு வடை, ஒரு கறிபாப், குளிர்ந்த பண்டோங் (ரோஸ் சிரப் போட்ட பால்). பண்டோங் ஆளுக்கு 300 மில்லின்னு 120 லிட்டர், அதுக்கு ஐஸ் 60 கிலோ. தண்ணி 500 மில்லி போத்தல், 24 உள்ள பெட்டி 17 வாங்கினா 408 வரும். வயித்துக்குள்ள ஏதாவது போயிட்டா 8.40 வரைக்கும் யாரும் சோத்துச் சட்டியை எட்டிப் பார்க்க மாட்டாங்க.

இனி பஃபே. ஒருத்தர் தட்டை நிரப்ப 24 செகண்டு பிடிக்கும். வரிசைக்கு ஒரே பக்கம் வழி விட்டா மணிக்கு 150 பேர்தான் எடுக்க முடியும். 400 பேருக்கு ரெண்டு வரிசை போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் வழி விடுங்க. 40 நிமிஷத்துல எல்லார் கையிலயும் தட்டு இருக்கும். ஸ்பூன், தண்ணி, டிஷ்யூ எல்லாம் மேஜையிலயே இருக்கட்டும். வரிசையில வச்சா அதைத் தேடி நிக்கிற நேரமே வால் நீளும். கோழியும் ஆடும் கடைசியில இருக்கணும், பரிமாற ஆளும் நிக்கணும். இனிப்பையும் பானத்தையும் 15 அடி தள்ளி வைங்க. எம்சி நாலு நாலு மேஜையா கூப்பிடட்டும். ஒரேயடியா "சாப்பிட வரலாம்"னு சொன்னா அதோட கதை முடிஞ்சது.

அளவு: 1 கிலோ அரிசி 9 பேருக்கு வரும். 400க்கு 45 கிலோ, மேல 5 கிலோ கைவசம். கோழி 12 துண்டு வெட்டு, ஆளுக்கு ஒன்றரைத் துண்டு கணக்கு. ஆடு எலும்போட ஆளுக்கு 100 கிராம். அசைவம் சாப்பிடுறவங்க 300ன்னு வச்சா கோழி 38, ஆடு 30 கிலோ.

சைவம் 50ன்னு போட்டிருக்கீங்க. கார்த்திகையில ஐயப்பனுக்கு மாலை போட்டவங்க இருப்பாங்க தம்பி. அதோட, நல்ல சைவக் குருமாவைப் பார்த்தா கோழி சாப்பிடுறவங்களும் ஒரு கரண்டி அள்ளுவாங்க. 100 பேருக்குச் சமைங்க, தனி மேஜையில வைங்க, அசைவக் கரண்டி அந்தப் பக்கமே போகக் கூடாது.

கேட்டரிங்காரர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. சமையல் ஆளுங்களுக்கு உணவு கையாளும் பயிற்சி, டைஃபாய்டு ஊசி ரெண்டும் இருக்கா? சட்டப்படி இருக்கணும். அடுத்தது, எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பாங்க? மத்தியானம் 2 மணிக்கே முடிச்சிட்டு மூடி போட்டு வச்சா ஆவி தண்ணியா சொட்டி ராத்திரிக்குள்ள சோறு புளிச்சிடும், தேங்காய்ப்பால் போட்ட குருமா அதுக்கும் முன்னாடி. 6 மணிக்கு மேல இறக்கினாதான் 4 மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்க முடியும். அதுவரைக்கும் 60 டிகிரிக்குக் கீழ ஆறக் கூடாது.

மைக்_டெஸ்ட்டிங்:

சாப்பாட்டை அண்ணன் சொல்லிட்டார். நான் சத்தம், கரண்டு ரெண்டை மட்டும் சொல்றேன்.

தகரக் கூரை, சிமெண்டுத் தரை. மேடையில ரெண்டு 15 இஞ்ச் ஸ்பீக்கரை வச்சு முழுசா திருகினா முன்னால 8 மேஜைக்குக் காது அடைக்கும், பின்னால எம்சி பேசுறது கொழகொழன்னு கேட்கும். பேச முடியாத மேஜையில யாரும் உட்கார மாட்டாங்க. நீங்க சொன்ன "சாப்பிட்டதும் கிளம்புறாங்க"ல பாதி இதுதான்.

நாலு ஸ்பீக்கரா கேளுங்க. ரெண்டு மேடைப் பக்கம், 7 அடி உயரத்துல, முகத்தைக் கூட்டத்தைப் பார்த்து லேசா சாய்ச்சு. இன்னும் ரெண்டு அங்கிருந்து 45 அடி தள்ளி, டேவான் நடுவுல ஓரமா. பின்னால உள்ளதுக்கு 40 மில்லிசெகண்டு தாமதம் கொடுக்கச் சொல்லுங்க. 45 அடி தூரத்தைச் சத்தம் கடக்க அவ்வளவு நேரம் ஆகும். தாமதம் வைக்கலைன்னா ஒரே வார்த்தை ரெண்டு தடவை கேட்கும். இது புரியாம முழிக்கிற பிஏ சிஸ்டம்காரரா இருந்தா வேற ஆளைப் பாருங்க.

சாப்பிடும்போது எதிர்ல இருக்கிறவர்கிட்ட குரலை உயர்த்தாம பேச முடியணும். பாட்டுச் சத்தத்துக்கு அதுதான் எல்லை. உறுமி மேளம் வேணும், அது இல்லாம நம்ம ஊர்ல கல்யாணமா? ஆனா வெளிவாசல்லயிருந்து மேடை வரைக்கும் 10 நிமிஷம், அத்தோட நிறுத்திடணும். தகரத்துக்குக் கீழ அரை மணி நேரம் அடிச்சா கைக்குழந்தை வச்சிருக்கவங்க முதல்ல எழுந்து போவாங்க.

நவம்பர்னா மழை. தகரத்துல மழை கொட்டும்போது மைக்குல பேசி பிரயோஜனமில்ல. அந்த நேரம் சாப்பாட்டு வரிசையைத் திறந்துடுங்க, பேச்சு எல்லாம் மழை விட்டதும். எம்சிக்கு இதை முன்னாடியே சொல்லி வைங்க.

கரண்டு கணக்கு: தண்ணி கொதிக்க வைக்கிற பெரிய கெண்டி 3,000 வாட், பிஏ சிஸ்டம் 2,000, மேடை விளக்கு 1,000, பெரிய ஃபேன் ஆறு 1,500. மொத்தம் 7,500 வாட், 230 வோல்ட்டுல கிட்டத்தட்ட 33 ஆம்பியர். அது போக டேவானோட சொந்த விளக்கு. 13 ஆம்பியர் பிளக் ஒண்ணு 3,000 வாட்டுக்கு மேல தாங்காது. கெண்டியும் பிஏவும் ஒரே வயர்ல போனா, தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துல பாட்டு நிக்கும். கெண்டியை எடுத்துட்டு கேஸ் அடுப்புல கொதிக்க வைங்க. பிஏவும் மேடை விளக்கும் ஜெனரேட்டர்ல, ஃபேனும் டேவான் விளக்கும் டிஎன்பி (மின்சாரக் கம்பெனி) கரண்டுல. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். ஜெனரேட்டர் புகை காத்துல டேவான் பக்கம் வராத திசையில 50 அடியாவது தள்ளி, சமையல் கெனோபிக்கு (கூடாரத்துக்கு) பக்கத்துல வேண்டவே வேணாம். சுருட்டி வச்ச வயர் ரீலை முழுசா அவிழ்த்துடணும், சுருளோட விட்டா சூடேறி உருகும். வயர் இணைப்பு எதுவும் புல்தரையில கிடக்கக் கூடாது. ஈரம் பட்டா இஎல்சிபி (மின்கசிவு வந்தா கரண்டை வெட்டுற சுவிட்ச்) விழும், திரும்பத் திரும்ப விழும்.

லயத்துக்கோடி_அக்கா:

இடத்தை யாரும் அளந்து பார்க்கலையே. 5 அடி வட்ட மேஜையில 10 பேர், நாற்காலி, நடக்க வழி எல்லாம் சேர்த்து 10க்கு 10 அடி வேணும். 40 மேஜைக்கு 4,000 சதுர அடி. டேவான் 5,400. மேடையும் நடுவழியும் போக மிச்சம் 600 கூட தேறாது. அதனால பஃபே வெளியதான். 20க்கு 20 கெனோபி மூணு எடுங்க, ரெண்டு பஃபேக்கு, ஒண்ணு பாத்திரம் கழுவ. மேஜை 36 விரிச்சு வச்சா போதும், நாலை மடிச்சு ஓரமா வைங்க. காலியா கிடக்கிற மேஜை கண்ணுக்குத் தெரிஞ்சா கூட்டமே களையிழந்த மாதிரி இருக்கும்.

கெனோபிக்கும் டேவான் கூரைக்கும் நடுவுல விடுற இடைவெளிதான் எமன். எல்லாரும் தட்டோட நடக்கிற வழி அது, மழைத் தண்ணி முழுக்க அங்கதான் ஊத்தும். கூரையும் கெனோபியும் சேர்ற இடத்துல தகரப் பீலி மாட்டித் தரச் சொல்லுங்க, முன்னாடியே கேட்டா செய்வாங்க. கெனோபி கால்ல தண்ணி நிரப்பின டிரம் கட்டணும். கீழ செம்மண்ணா இருந்தா பலகை போடுங்க, பட்டுச்சேலைக்காரங்க உங்களை வாழ்நாளுக்கும் சும்மா விட மாட்டாங்க. கார் நிறுத்துற திடல் சேறாயிடும், டிராக்டர் ஒண்ணுக்குச் சொல்லி வைங்க. தோட்டத்து மேனேஜர்கிட்ட எழுத்துல அனுமதி, இசைக்கும் நேரத்துக்கும் நகராண்மைக் கழகத்துலயும் போலிஸ் நிலையத்துலயும் விசாரிச்சிடுங்க.

மலாய்க்கார விருந்தாளிங்களுக்கு முஸ்லிம் சமையல்காரர்கிட்ட தனியா ஆர்டர், அவங்க தட்டு, அவங்க கரண்டி, தனி மேஜை. பலகையில "முஸ்லிம் சமையல்காரர் சமைத்தது"ன்னு எழுதுங்க. ஹலால் முத்திரையை நாமளா அச்சடிச்சு ஒட்டக் கூடாது. அவங்க மக்ரிப் தொழுதுட்டு 7.30க்கு மேலதான் வருவாங்க, அந்த மேஜையை யாருக்கும் விட்டுடாதீங்க. மாட்டிறைச்சி எந்தப் பக்கமும் வேணாம், சீனவங்கள்லயும் நிறைய பேர் தொட மாட்டாங்க.

உட்கார வைக்கிறதுல ஒரு வழி சொல்றேன். பொண்ணு வீடு மாப்பிள்ளை வீடுன்னு பிரிக்காம, பெரியவங்களைப் பழைய தோட்டம் வாரியா உட்கார வைங்க. மேஜை அட்டையில நம்பருக்குப் பதிலா அந்தத் தோட்டத்துப் பேரும் டிவிஷனும். தோட்டத்தை வித்த பிறகு ஆளாளுக்கு ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) போனவங்க, பத்து வருஷம் கழிச்சு ஒரே மேஜையில உட்கார்ந்தா 11 மணியானாலும் எழுந்திருக்க மாட்டாங்க. மொய் மேஜைக்குப் பக்கத்துல பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடுங்க) படங்களை ஒரு பலகையில ஒட்டி வைங்க. பாட்டிமார் விரலை வச்சு ஆள் தேடுவாங்க. ஸ்பீக்கருக்கு முன்னால மட்டும் அவங்களை உட்கார வச்சிடாதீங்க, கழிவறைக்குப் போற வழி பக்கம் வைங்க.

மொய் மேஜை வாசலை அடைக்கக் கூடாது, உள்ள பத்தடி தள்ளி. அங்கேயே பேரு எழுதிக்கிட்டு இருந்தா வரிசை ரோட்டுக்கு வந்துடும். கவர்ல நம்பர் மட்டும் போட்டு, பூட்டு வச்ச பெட்டியில போடுங்க, மறுநாள் எழுதிக்கலாம்.

சிப்புட்_தம்பி:

ரொம்ப நன்றி. டான்ஸ் குரூப்பை விட்டுட்டேன், அந்தக் காசுக்குக் கெனோபி. ரெண்டு சந்தேகம். மேடை போட்டோ வரிசையை என்ன செய்றது? ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வர்றேன்னு சொல்லியிருக்கார், அவர் வந்தப்புறம்தான் கேக் வெட்டணும்னு மாமா நிக்கிறார்.

பந்திக்காரன்:

போட்டோவுக்கு ஒரு குடும்பம் ஏறி இறங்க 40 செகண்டு. 100 குடும்பம்னா 67 நிமிஷம். ரிசப்ஷன்ல பாதி நேரம் பொண்ணு மாப்பிள்ளை சிலை மாதிரி நிப்பாங்க. நெருங்கின சொந்தம் 20 குடும்பத்தை மட்டும் 8.15க்கு மேடைக்குக் கூப்பிடுங்க, 15 நிமிஷத்துல முடிஞ்சிடும். மத்தவங்க சாப்பிட்டு முடிக்கிற நேரத்துல, 9.10க்கு மேல பொண்ணு மாப்பிள்ளை மேஜை மேஜையா போகட்டும். மேஜைக்கு ஒரு நிமிஷம், ஒரு குரூப் படம். முன்னால ஒரு தம்பி போய் அடுத்த மேஜையை எழுப்பி நிறுத்தணும், இல்லன்னா ஒரு நிமிஷம் மூணாயிடும். அவங்க தங்களோட மேஜைக்கு வருவாங்கன்னு தெரிஞ்சா யாரும் கிளம்ப மாட்டாங்க. கடைசி மேஜைக்குப் போனதும் பழைய பாட்டு அரை மணி நேரம், ஊர்லயே பாடுறவங்க மூணு பேர் கரோக்கேயில பாடினா போதும். ஆட்டம் அதுக்கப்புறம்.

ஒய்பிக்காகக் கேக்கை நிறுத்தாதீங்க. 8.35க்கு வெட்டிடுங்க. அவர் எப்ப வந்தாலும் மாலை போட்டு, 3 நிமிஷம் மைக், மேஜையில சாப்பாடு. மாமாகிட்ட அவர் பேரை எம்சி ரெண்டு தடவை சொல்வார்னு சொல்லுங்க, ஒத்துக்குவார்.

லயத்துக்கோடி_அக்கா:

ஒண்ணு விட்டுப்போச்சு. தாப்பாவ் பிளாஸ்டிக்கை 9.45 வரைக்கும் கண்ணுல காட்டாதீங்க. ஒருத்தர் கையில பார்த்தா போதும், பத்து நிமிஷத்துல எல்லா மேஜையும் எழுந்துடும். ஆடும் கோழியும் 60 டிகிரிக்குக் கீழ ஆறாம மிச்சம் இருந்தா நாமளே சின்ன டப்பாவுல கட்டி, எல்லாரும் போகும்போது வாசல்ல கொடுங்க. குருமா, பாயாசத்தைக் கட்டாதீங்க. அந்நேரத்துக்கு 4 மணி நேரம் நெருங்கிடும், கார்லயே கெட்டுப்போகும்.