அகிலனின் ரத்தத்தில் ஈயம்: மாயவரம் வீட்டுக் குழு

சனிக்கிழமை

கவிதா: அகிலனுக்கு இரண்டு வயதுப் பரிசோதனை. ரத்தத்தில் ஈயம் 6.1 என்று வந்திருக்கிறது. விரலில் குத்தி எடுத்தது. கையில் தூசி இருந்தாலே கூடுதலாகக் காட்டுமாம். திங்களன்று நரம்பில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அப்பா: எவ்வளவு இருக்கலாம் அம்மா?

கவிதா: இருக்கவே கூடாது அப்பா. இங்கே அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று 2021 இல் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று அர்த்தமில்லையாம்.

ராஜி அத்தை: ஈயச் சொம்பில் ரசம் வைத்துத்தானே உங்கள் எல்லோரையும் வளர்த்தேன்?

முரளி சித்தப்பா: அது வெள்ளீயம் அக்கா, டின். இது காரீயம், லெட். இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

கவிதா: நர்ஸும் கேட்டார் அத்தை. மஞ்சள்தூள், குங்குமம், கண்மை, ஊரிலிருந்து வந்த பாத்திரம் எல்லாம்.

ராஜி அத்தை: நான் முன்னால் நின்று அரைத்து அனுப்பிய மஞ்சளையா சந்தேகப்படுகிறார்கள்?

கவிதா: கோபித்துக்கொள்ளாதீர்கள். நிறம் தூக்கலாகத் தெரிய மஞ்சளில் ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறப்பொடி கலப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு சன்னல் மேல்தான் சந்தேகம்.

(படம்)

முரளி சித்தப்பா: பெயின்ட் முதலைத் தோல்போல வெடித்திருக்கிறதே. வீடு எப்போது கட்டியது?

கவிதா: 1928. இங்கே வீடுகளுக்கு ஈயப் பெயின்ட் அடிப்பதைத் தடை செய்ததே 1978 இல்தான். ஏற்றி இறக்கும் சன்னல். ஒவ்வொரு முறையும் சட்டம் உரசி மாவு உதிர்கிறது. அந்த சன்னல் திண்டில்தான் அகிலன் பொம்மைக் கார் ஓட்டுவான், அந்தக் கையை வாயில் வைப்பான். வீட்டுக்காரர் “மேலே புதிதாக அடித்திருக்கிறேனே” என்கிறார்.

வியாழக்கிழமை

கவிதா: நரம்பில் எடுத்தது 5.8.

அப்பா: மருந்து?

கவிதா: கிடையாது. 45ஐத் தொட்டால்தான் ஈயத்தை வெளியேற்ற மருந்து. இப்போதைக்கு, வரும் வழியை அடைக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் நிறையக் கொடுக்க வேண்டும்.

ராஜி அத்தை: கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் கொடு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே!

கவிதா: பில் கதையைக் கேளுங்கள். முதல் பரிசோதனை இலவசம், அது நோய்த் தடுப்பாம். அதில் கூடுதலாக வந்ததால் எடுத்த இரண்டாவது நோயறிதலாகிவிட்டது. அப்படியென்றால் முதல் 3,000 டாலர் வரை எங்கள் கைக்காசு. 214 டாலர் கட்டு என்கிறது காப்பீடு. சன்னலைப் பரிசோதிக்க 400 டாலர் கேட்கிறார்கள். அதற்குக் காப்பீடே கிடையாது.

கார்த்தி: குழந்தையை வைத்து வீட்டைச் சோதிக்கும் நாடு இது. என் அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரத்தில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது பிளிண்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீருக்கு ஆற்று நீருக்கு மாறினார்கள், குழாய் அரிக்காமல் காக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. காரீயம் குழாயிலிருந்து இறங்கியது. தண்ணீரில் குறையில்லை என்றே அதிகாரிகள் சாதித்தார்கள். மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் 2015 செப்டம்பரில் பிள்ளைகளின் ரத்தத்தில் இருந்த ஈயக் கணக்கை வெளியிட்ட பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

முரளி சித்தப்பா: அதற்குப் பிறகாவது திருந்தினார்களா?

கார்த்தி: 2025 இல் மில்வாக்கிப் பள்ளிகளில் பெயின்ட் உதிர்ந்தது. நகரம் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்திடம் உதவி கேட்டது. ஈயப் பிரிவில் இருந்தவர்களையே அந்த ஏப்ரலில் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உதவி இல்லை என்று பதில் வந்தது.

அப்பா: 400 டாலரை நான் அனுப்புகிறேன். சன்னலைப் பார்க்கச் சொல்.

கவிதா: வேண்டாம் அப்பா, கட்டிவிட்டேன். சனிக்கிழமை வருகிறார்கள். அதுவரை அந்த சன்னலைத் திறப்பதில்லை. திண்டை ஈரத்துணியால் துடைத்து, துணியை அப்படியே குப்பையில் போடுகிறேன். அகிலன் கார் கேட்டு அழுகிறான்.

ராஜி அத்தை: அந்தச் சொம்பு?

கவிதா: பரணில் இருக்கிறது அத்தை. அதையும் சோதிக்கச் சொல்கிறேன்.

ராஜி அத்தை: சோதிக்கட்டும். கும்பகோணத்துச் சொம்பு, பயமில்லை.